மின்னாத படம்

அலுவலகத்தில் அவளுக்கு ரெட்டைத்திரை என்று பெயர். மேசைமேல் இரண்டு திரைகளை அக்கம்பக்கமாக வைத்துக்கொண்டு, காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பாள். "சும்மா பாத்துக்கிட்டே இருக்கறதுக்குச் சம்பளமா?" என்று கணக்குப் பிரிவில் யாராவது சீண்டினால், "நீங்க ஒரு நாள் வந்து உக்காந்து பாருங்க, கண்ணு ரெண்டும் பிதுங்கி மேசையில விழுந்துடும்" என்பாள். மூக்கு நுனியில் கோபம் வைத்திருப்பவள். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். அப்படித்தான் அவளும் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிறுவனம் செய்வது ஆபரேட்டிங் சிஸ்டம். கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி, நடக்கவைத்து, மறுபடி தூங்கவைக்கிற மென்பொருள். அதன் அடுத்த பதிப்பில் ஒரு புதுமை வர இருந்தது. விளம்பரங்களைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் என்கிற ஒட்டு மென்பொருளை இனி யாரும் தேடிப்பிடித்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். கம்ப்யூட்டரைப் போட்டதுமே அது தானாக வேலை செய்யும். இதற்குக் கம்ப்யூட்டர்காரர்கள் 'டீஃபால்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாரையும் கேட்காமலே நடப்பது என்று அர்த்தம். அப்படி நடக்கவிடலாமா கூடாதா என்று மேலே இருப்பவர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தடுத்தால் எந்தப் பக்கத்தில் என்ன கெட்டுப்போகிறது என்று ரெட்டைத்திரை பார்த்துச் சொல்ல வேண்டும். இடது திரையில் தடுப்பு இல்லாத பக்கம், வலது திரையில் தடுப்பு உள்ள அதே பக்கம்.

முதல் நாள் திறந்தது ஒரு வானிலைப் பக்கம். இடது பக்கம் அது சந்தைக்கடையாக விரிந்தது. மேலே ஒரு கார் ஓடியது. ஓரத்தில் ஒரு பெண் பல் முழுவதையும் காட்டிச் சிரித்தாள். நடுவில் ஒரு வீடியோ, கேட்பாரில்லாமலே பேசத் தொடங்கியது. நாளைக்கு மழை உண்டா என்பது இவற்றுக்கெல்லாம் அடியில் எங்கோ நசுங்கிக் கிடந்தது. வலது பக்கம் திரும்பினாள். வெள்ளை. அதில் ஒரு மேகம், மேகத்துக்குப் பக்கத்தில் ஓர் எண். அவ்வளவுதான்.

அடேயப்பா! இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்துக்குள் இவ்வளவு இடம் இருந்ததா? மேசைக்கு அடியில் வலதுபக்கக் கம்ப்யூட்டரின் காற்றாடிகூட இரைச்சலைக் குறைத்திருந்தது. அவள் அந்த ஒற்றை மேகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, அன்றைக்குக் கணக்குப் பிரிவிலிருந்து யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

விளம்பரம் என்றாலே அவளுக்கு வயிற்றெரிச்சல். எரியாமல் என்ன செய்யும்? காய்ச்சலுக்கு என்ன மாத்திரை என்று பார்க்கப் போனால் சோபா வாங்கு என்கிறான். வாங்கித் தொலைத்தாலும் விடுகிறானா, அதே சோபாவை மாதக்கணக்கில் காட்டி உயிரை வாங்குகிறான். மூடுவதற்குக் கடுகளவு எக்ஸ் குறி வைத்திருக்கிறான். அதைத் தொட்டால் கடை திறக்கிறது. மனுஷன் செய்கிற வேலையா இது?

ஆனால் அவள் வீட்டிலேயே எதிர்க்கட்சி இருந்தது. அவள் கணவன் ஒரு சின்னச் செய்தித் தளத்துக்கு விளம்பர இடம் விற்கிறவன். மேல் மூலை, ஓரப் பட்டை, அடிப் பட்டை என்று மனை விற்பதுபோல விற்பான்.

"என் பொழப்புல மண்ணைப் போடறதுக்குன்னே ஒரு கம்பெனி, அதுல வேலைக்கு என் பொண்டாட்டி. ரொம்ப நல்லா இருக்கு," என்றான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

"ஏங்க, வேண்டாங்கறவங்க மூடிக்கறாங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"வேண்டாங்கறவன் தேடிப் போய்ப் போட்டுக்கட்டுமே, நானா தடுத்தேன்? நீங்க கேக்காமலே எல்லார் கண்ணையும் பொத்திவிடறீங்க பாரு, அதைத்தான் கேக்கறேன்."

"நீங்க மட்டும் கேட்டுட்டா காட்டறீங்க?"

"செய்தி என்ன வானத்துலேர்ந்தா விழுது? அதை எழுதறவனுக்கும் வயிறு இருக்கு, பிள்ளைகுட்டி இருக்கு."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. "முதல்ல காலரை ஒழுங்காத் தேயுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பக்கங்கள் ஓடின. வங்கிப் பக்கம், பள்ளிக்கூடப் பக்கம், சமையல் பக்கம். அவற்றுக்கு நடுவில் ஒரு ரயில் நேரப் பக்கம் வந்தது. பெரிய நிறுவனத்துடையது அல்ல. ரயில் பைத்தியம் பிடித்த ஒருவர் தன் ஆசைக்கு நடத்துவது. எந்த வண்டி எந்த நடைமேடை, எது தாமதம், எதை எந்த எஞ்சின் இழுக்கிறது என்பது வரை அதில் இருக்கும். முன்பே இரண்டு சுற்று அதைப் பார்த்து, அட்டவணை கெடவில்லை என்று 'சரி' போட்டிருந்தாள். மூன்றாவது சுற்றிலும் போடப்போனவள், வலது திரையின் வெள்ளைக்கு நடுவே தனியாக நின்ற ஒரு வரியைப் பார்த்துக் கையை நிறுத்தினாள்.

'எப்ப வேணும்னாலும் கூப்பிடு. எனக்குக் கோவமே இல்லை. அம்மா.' பக்கத்தில் ஒரு போன் நம்பர்.

ரயில் நேரத்துக்கு நடுவில் அம்மா எங்கே வந்தாள்? இடது திரைக்குத் திரும்பினாள். கடன் வாங்கு என்பவனுக்கும் ஷூ வாங்கு என்பவனுக்கும் நடுவில், மேல் மூலையில், ஒரு சிவப்புப் பெட்டி மின்னி மின்னி அணைந்தது. உள்ளே ஓர் இளைஞனின் முகம். 'இவரைப் பார்த்தீர்களா?' என்று எழுத்து. அதற்கடியில் அந்த வரி. மூலையில் இருந்தது, மின்னியது. தடுப்பானுக்கு அது போதும். விளம்பரம் என்று பெட்டியை விழுங்கிவிட்டது. அடியில் இருந்த வரி மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டது.

அவளுக்குச் சுரீர் என்றது. பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள்! இரண்டு தடவை இந்த முகத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து, அதைப் பார்க்காமலே 'சரி' போட்டிருக்கிறாள். மூன்றாவது தடவையும் அந்த முகத்தை அவள் பார்க்கவில்லை. முகம் போன இடத்தில் மிச்சமிருந்த வரியைத்தான் பார்த்தாள். இந்தப் பதிப்பு வெளியானால் கோடிக்கணக்கான திரைகளில் இந்தப் பையன் இரண்டாம் தடவையாகக் காணாமல் போவான். யாரும் எடுத்ததாக இருக்காது. யாருக்கும் தெரியவும் தெரியாது.

படியிறங்கி வாசலுக்குப் போய் அந்த நம்பருக்குப் போன் செய்தாள். முதல் மணி முழுதாக அடிக்கவில்லை.

"டேய், நீயாடா?"

"இல்லம்மா. நான் வேற ஒரு ஆள். உங்க பையன் படம் ரயில் பக்கத்துல இருக்கே, அதைப் பத்தி—"

"பாத்தீங்களா அவனை?"

"பாக்கலைம்மா. மன்னிச்சுக்குங்க."

எதிர்ப்புறம், பின்னால் பெரிய இயந்திரங்கள் சுழலும் சத்தம் கேட்டது. அந்த அம்மாவுக்கு ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது. இந்த ஒரு நம்பருக்கு மட்டும் மேற்பார்வையாளர் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்.

"படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போறேன்னான்," என்றார் அம்மா. கேட்காமலே சொன்னார், சொல்லிச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். "போனா அப்படியே போயிடு, திரும்பி வராதேன்னு ஒரு வார்த்தை விட்டுட்டேன். அம்மா வாயில எத்தனையோ வார்த்தை வருது, அதுல இதைப் போய்ப் பிடிச்சுக்கிட்டான் பாவி. ஆறு வருஷம் ஆச்சு. போலீஸ்ல கேட்டா, வளந்த பையன், தானாப் போயிருக்கான், நாங்க என்னம்மா பண்றதுன்னுட்டாங்க."

"ரயில் பக்கத்துல ஏம்மா போட்டீங்க?"

"சின்ன வயசுலேர்ந்து அவனுக்கு ரயில்னா உசுரு. சோத்தை மறந்தாலும் மறப்பான், அந்தப் பக்கத்தைத் தொறக்காம இருக்க மாட்டான். எங்க இருந்தாலும் அதைப் பாப்பான், எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்துக்காரர் தங்கமான மனுஷன், ஒரு பைசா வாங்கலை. பளிச்சுனு மின்னணும், அப்பத்தான் கண்ணுல படும்னு கம்ப்யூட்டர் கடையில சொல்லி அந்தப் பெட்டியைச் செஞ்சேன்."

ரெட்டைத்திரை தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். புது கம்ப்யூட்டரில் விளம்பரங்கள் தானாக மறைந்துவிடும், அதோடு இதுவும் போய்விடும் என்றாள்.

"என் பிள்ளை விளம்பரமாம்மா?" என்று கேட்டார் அந்த அம்மா. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் இவளைப் பிடுங்கித் தின்றது.

நேராக மேலாளர் அறைக்குள் நுழைந்து நடந்ததைச் சொன்னாள். அவர் பென்சிலைக் கடித்துக்கொண்டே யோசிக்கிற மனிதர்; அன்றைக்குப் பாதிப் பென்சில் காலியாகியிருந்தது.

"ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் வழி விடுங்க சார்."

"விடலாம். நாளைக்கு ஷூ விக்கறவன் அதே அளவுல, அதே மாதிரி ஒரு பெட்டி செஞ்சு அந்த வழியிலேயே உள்ள வருவான். அவங்களுக்கு வேற வேலையா?"

"அப்படின்னா டீஃபால்ட் வேண்டாம்னு எழுதிடறேன்."

"எழுதுங்க, நான் தடுக்கலை. ஆனா ஒண்ணு சொல்லுங்க. இப்ப எந்தத் தடுப்பும் இல்லையே, அந்தப் படத்தை யார் பாத்தாங்க? நீங்க பாத்தீங்களா?"

நறுக்கென்று இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கும் சார்? நான் பாக்காமலே சரி போட்டது?"

அவர் பென்சிலை வாயிலிருந்து எடுத்தார். "தெரியாது. அதை நினைச்சா எனக்கும் பயமாத்தான் இருக்கு. நம்ம ஒரு டிக் போட்டா, உலகத்துல பாதிப் பேர் கண்ணு முன்னாடி ஒரு பொருள் இல்லாமலே போயிடுது. சாதாரண விஷயமா இது?"

அன்று மாலை வீட்டில் நடந்ததைச் சொன்னாள். கணவன் துள்ளிக் குதிப்பான், 'நான் அப்பவே சொன்னேனா இல்லையா' என்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் குதிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"எந்த இடம்? மேல் மூலையா?"

"ஆமா."

"மின்னுதா?"

"ஆமாங்க."

"ஐயோ பாவம்," என்றான். "ஒரு தொழில் ரகசியம் சொல்றேன், வெளியில விட்டுடாதே. அந்த மாதிரி மூலையை விக்கறதே நான்தான். அதை ஒரு ஈ காக்கா பாக்கறதில்ல. மின்னினா இன்னும் மோசம், கண்ணு தானா நகந்துடும். வாங்கறவங்களுக்கு இது தெரியாது, அதனாலதான் நம்ம வீட்டு அடுப்பு எரியுது."

"இப்ப என்ன பண்றது?"

"அந்தம்மாவை அந்த மூலையிலேர்ந்து வெளியில கூட்டிக்கிட்டு வா. பெட்டி வேண்டாம், சிவப்பு வேண்டாம். நேர அட்டவணை முடியற இடத்துல, எழுத்தோட எழுத்தா, சும்மா ஒரு படம். அது விளம்பரம் இல்லையே, உங்க தடுப்பான் ஏன் தொடப்போகுது? யார்கிட்டயும் வழி விடுன்னு கெஞ்சவும் வேண்டாம்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அப்படிப் பாக்கற? நானும் ஒருத்திக்குப் பிள்ளைதானே," என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த சட்டையை எடுத்தான்.

இவர்கள் இருவரும் முடிவு செய்தால் போதுமா? அந்த அம்மா சம்மதிக்க வேண்டுமே. ஆறு வருஷமாக அந்தச் சிவப்பு வெளிச்சம் ஒன்றுதான் பையனுக்காக எரிந்துகொண்டிருக்கிறது என்று நம்பியிருந்தவர்.

"கத்திக் கூப்பிட்டே திரும்பலை. மெதுவாச் சொன்னா திரும்புவானாம்மா?"

ரெட்டைத்திரைக்குப் பொய் சொல்ல வரவில்லை. "எனக்குத் தெரியாதும்மா. ஆனா சுத்தி இருக்கற கத்தல் மொத்தமும் நின்னுடும். அதை நான் என் கண்ணால பாத்திருக்கேன். அப்ப மெதுவாச் சொன்னாலும் கேக்கும்னு தோணுது."

அந்த அம்மா மறுநாள் வேறொரு படம் அனுப்பினார். பழையதுபோல அடையாள அட்டைக்கு எடுத்த விறைப்பான படம் இல்லை. ஒரு நடைமேடையில், காற்றில் தலைமுடி கலைந்து, யாரையோ பார்த்துச் சிரிக்கிற பையன். அதற்கடியில் போடச் சொன்னதும் அதே பழைய வரிதான், ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ரயில் பக்கத்துக்காரர் அன்றைக்கே வரியை இதற்கடியில் மாற்றிப் போட்டுவிட்டார்; சிவப்புப் பெட்டியைத் தடுப்பானே விழுங்கட்டும் என்று அப்படியே விட்டுவைத்தார். "மத்த விளம்பரமும் போயிடும், சர்வர் வாடகைக்கு என்ன பண்ணப்போறேன்னு தெரியலை. அது என் கவலை, நீங்க இதைப் பாருங்க" என்றார்.

ரெட்டைத்திரை தன் அறிக்கையில் டீஃபால்ட் இருக்கட்டும் என்றுதான் எழுதினாள். ஆனால் கம்ப்யூட்டரைப் போட்டதும் வரும் முதல் திரையிலேயே, எறும்பு எழுத்தில் இல்லாமல், 'நாங்கள் சிலவற்றை மறைக்கிறோம்' என்று சொல்லிவிட வேண்டும். எவற்றை மறைத்தோம் என்று காட்ட எல்லாப் பக்கத்திலும் ஒரு பட்டன் வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் தன் பெயரை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றும் எழுதினாள். மேலே இருப்பவர்கள் முணுமுணுத்தார்கள். மேலாளர் இன்னொரு பென்சிலைக் காலி செய்தார். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்.

வெளியீட்டு நாள் காலையில் எல்லோரும் பெரிய அறையில் கூடினார்கள். சுவர் முழுக்க ஒரு திரை. அதில் ஒரே ஒரு கோடு. உலகத்தில் அவர்களுடைய ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடுகிற கம்ப்யூட்டர்கள் ஒவ்வொரு நொடியும் எத்தனை விளம்பரத்தை வரவழைக்கின்றன என்று காட்டுகிற கோடு. அது எப்போதும் கூரையை ஒட்டியே ஓடும். அது இறங்கி யாரும் பார்த்ததில்லை.

முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. யாரோ கொட்டாவி விட்டார். பிறகு கோடு ஒரு துளி இறங்கியது. எங்கோ விடிந்திருக்கிறது, யார் யாரோ கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறார்கள். இன்னும் இறங்கியது. நாடு நாடாக வெளிச்சம் பரவப் பரவ, வீடு வீடாக, கடை கடையாக, கோடு சரிந்துகொண்டே வந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை விட்டார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஏன் எழுந்தோம் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. விடாமல் பெய்த மழை நின்று கூரை அமைதியானதும், இதுவரை சத்தம் இருந்தது என்பதே அப்போதுதான் உறைக்குமே, அப்படி இருந்தது. அத்தனை கார்கள், அத்தனை பற்கள், அத்தனை சோபாக்கள்! எல்லாம் ஒரே காலையில், ஒரு சத்தமும் இல்லாமல், உலகத்தை விட்டு நகர்ந்துகொண்டிருந்தன.

ரெட்டைத்திரைக்கு மயிர்க்கூச்செறிந்தது. சந்தோஷமா பயமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. கணக்குப் பிரிவுக்காரர் பக்கத்தில் நின்று, "நீங்க பாத்துப் பாத்துச் செஞ்சது இதுதானா?" என்று கேட்டார். சீண்டலே இல்லாத குரல். அவள் தலையை ஆட்டினாள்.

தன் இடத்துக்கு வந்து ரயில் பக்கத்தைத் திறந்தாள். மேலே அட்டவணை. அதற்குக் கீழே அந்தப் பையன். சுற்றிலும் ஒன்றுமில்லை. கத்தவில்லை, மின்னவில்லை, சும்மா சிரித்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சில நாள் கழித்து, வேலைக்கு நடுவில் போன் அடித்தது. பின்னால் சலவை இயந்திரங்கள் சுழன்றன.

"அம்மா? என்னாச்சும்மா? பேசுங்க."

"கூப்பிட்டான்மா." மூச்சு வாங்கியது. "பார்சல் கிடங்குல வேலையாம். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல புதுசு போட்டாங்களாம். மெலிஞ்சுட்டியாடா, சாப்பிட்டியாடான்னு என்னென்னவோ கேட்டேன், ஒண்ணும் ஞாபகமில்ல. அப்புறம் கேட்டேன், ஏன்டா, இத்தனை வருஷமா நீ இந்தப் பக்கத்தைத் தொறக்கவே இல்லையாடான்னு."

"என்ன சொன்னாரு?"

"தினமும் தொறந்தேம்மாங்கறான். ஒரு நாள் விட்டதில்லையாம். மூலையில ஏதோ சிவப்பா மின்னிக்கிட்டே இருக்குமாம். கண்ணை உறுத்துதேன்னு உள்ளங்கையால அதைப் பொத்திக்கிட்டுத்தான் வண்டி நேரம் பாப்பானாம். அன்னிக்கும் பழக்கத்துல கையைத் தூக்கினானாம். பொத்தறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லையாம்."

ரெட்டைத்திரை போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷம். தினமும். தன் முகத்தைத் தன் கையாலேயே பொத்தியிருக்கிறான்.

"இன்னிக்குச் சாயங்கால வண்டியில வரான்மா," என்றார் அந்த அம்மா. "எந்த நடைமேடைன்னு அந்தப் பக்கத்துல பாத்துச் சொல்லேன். எனக்கு எழுத்தே தெரிய மாட்டேங்குது."

"இதோ பாக்கறேம்மா," என்று அவள் பக்கத்தைத் திறந்தாள். அட்டவணை மொத்தமும் நீரில் மிதந்தது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொன்னாள்.